நட்சத்திரம் கட்டும்போது வயிறு ஏன் பிசைகிறது?

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கமெல்லாம் மாடிக்கு மாடி நட்சத்திரம் தொங்கும். மாவு மில்லில் முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் வரிசை நிற்கும். அதே வாரங்களில், காரணம் தெரியாத வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டுவது என்று டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. ஈசிஜி சரியாக இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் இராது. "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி ஒரு கேஸ் மாத்திரை எழுதித் தருவார்கள். ஜனவரி பிறந்ததும் தானாகச் சரியாகி, அடுத்த டிசம்பரில் திரும்ப வரும்.

இப்படி வருகிறவர்களில் சிலர், குடியும் அடியும் ஓயாத வீட்டில் வளர்ந்தவர்கள். நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். பிடிக்கும், சிக்கலே அதனால்தான்.

கேட் சத்தம்

குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் பண்டிகை நாள் மற்ற நாளைவிட மோசமானது. கையில் போனஸ் பணம் இருக்கும். வெளியூரிலிருந்து கூட்டாளிகள் வந்திருப்பார்கள். டாஸ்மாக் கடைக்குக் கிறிஸ்துமஸ் அன்று விடுமுறையும் கிடையாது. தட்டிக் கேட்கவும் வழியில்லை. 'நல்ல நாளும் அதுவுமா ஏன் சண்டை' என்று எல்லார் வாயையும் அடைத்துவிடுவார்கள்.

இருபத்துநாலாம் தேதி ராத்திரி நானும் அக்காவும் தூங்குவதுபோல் படுத்துக் கிடப்போம். காது மட்டும் கேட்டில் இருக்கும். கொண்டி ஒரே இழுப்பில் திறந்தால் அப்பா நிதானமாக வருகிறார். இரும்பு இரண்டு மூன்று தடவை உரசினால் அக்கா எழுந்து புதுத்துணிப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். அடுக்களையில் அம்மா அரிவாள்மணையை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடுச்சாமத்துக்கு மேல் கேரல் ரவுண்ட்ஸ் வரும். தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் வேறு ஓட்டம்: திண்ணையில் விழுந்து கிடப்பவரை உள்ளே இழுக்க வேண்டும், அம்மா முகம் கழுவ வேண்டும், காணிக்கைக் கவரைத் தேட வேண்டும். கிறிஸ்துமஸ் தாத்தா கைகுலுக்கி மிட்டாய் தருவார். நாங்கள் வரிசையாக நின்று சிரிப்போம். அந்தச் சிரிப்பைத் துடைக்காமலே அதிகாலை ஆராதனைக்குப் போவோம்.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் கேட் சத்தத்துக்கு நிமிர்ந்து உட்காருகிறார்கள். வாசலில் நிற்பது பார்சல் கொண்டுவந்த பையன்தான் என்று தெரிந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

உடம்பு மறப்பதில்லை

ஆபத்து வருகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது மூளையில் உள்ள அமிக்டலா என்ற சிறு பகுதி. அது உஷாரானால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, குடல் இறுகுகிறது, தூக்கம் கலைகிறது. சிறு வயதில் வருடக்கணக்கில் இப்படி உஷாராகவே இருந்தவர்களுக்குச் சின்னத் தூண்டுதல் போதும். அதிலும் வாசனை மற்ற புலன்களைவிடச் சுருக்கமான வழியில் அமிக்டலாவைப் போய்ச் சேருகிறது. பார்ப்பதும் கேட்பதும் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் செல்ல, மோப்பம் மட்டும் அங்கே நிற்காமல் நேராகப் போய்விடும். ஆகவே பிராந்தியில் ஊறிய பிளம் கேக்கை யாரோ திறக்கும்போது, என்ன ஞாபகம் என்று தெரியும் முன்பே கை வியர்த்துவிடுகிறது. துயரம் நடந்த அதே தேதிகளில் அறிகுறிகள் திரும்புவது மனநல மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விஷயம். பாசாங்கோ பலவீனமோ இதில் இல்லை.

பண்டிகைப் பதற்றம் இதயத்தையும் தொடும். சுவீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான மாரடைப்புகளை ஆராய்ந்தார்கள். அந்த நாட்டில் கொண்டாட்டத்தின் உச்சம் டிசம்பர் 24 மாலை. அன்று மாரடைப்பு ஆபத்து வழக்கத்தைவிட 37 சதவீதம் கூடுதலாக இருந்தது; இரவு பத்து மணி வாக்கில் உச்சம். வயது 75-ஐத் தாண்டியவர்களும், ஏற்கெனவே சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கோபம், துக்கம், மன அழுத்தம் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனவே டிசம்பரில் நெஞ்சு வலித்தால் 'பழைய டென்ஷன்தான்' என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். மனதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடை குறைக்க வந்தவர்கள் சொன்னது

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உடல் பருமன் சிகிச்சை நடத்திவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றுவிடுவதைக் கவனித்தார். விசாரித்தபோது பலரும் குழந்தைப் பருவக் கொடுமைகளைச் சொன்னார்கள். பிறகு அவரும் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டோரிடம் கேள்விகள் கேட்டு நடத்திய ஆய்வின் முதல் அறிக்கை 1998-இல் வெளிவந்தது. அடி, வசவு, பாலியல் கொடுமை, தாயை அடிப்பதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரர் இருந்தது என்று வகைப்படுத்தி எண்ணினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வகையாவது இருந்தது. ஏறத்தாழக் கால்வாசிப் பேர் குடிநோயாளியோ போதைக்கு அடிமையானவரோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள். நான்கு வகைகளோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. இதய நோயும் கல்லீரல் நோயும்கூட அவர்களிடம் கூடுதல்.

இந்த எண்களைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அது தவறு. இவை கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனியாள் ஜாதகம் இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று பல கஷ்டங்களுக்கிடையே வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் திடமான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கும், பெற்றோரோ பாட்டியோ ஆசிரியையோ, நம்பிச் சாய ஒருவராவது இருந்திருக்கிறார். எனக்கு அது சண்டே கிளாஸ் அக்கா. ஒன்றும் கேட்க மாட்டார். நாடக ஒத்திகை முடிந்ததும் எங்களை மட்டும் கடைசியில் அனுப்புவார், அவர் வீட்டில் சாப்பிட்ட பிறகு.

பண்டிகைக்காக மட்டும் குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கிறிஸ்துமஸ் முடியும்வரை குடிக்க மாட்டேன்' என்று பைபிள்மேல் சத்தியம் வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பல வருடமாகத் தினமும் அதிகம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் நேரம், இடம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவது, காய்ச்சல் என்று முற்றிவிடலாம். உயிருக்கே ஆபத்தான நிலை இது. 'பேய் பிடித்துவிட்டது' என்று ஜெபக்கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. ஜெபம் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் செய்யலாம். குடியை நிறுத்துவது நல்லதுதான். அதை மருத்துவர் கண்காணிப்பில், தயமின் ஊசியும் தகுந்த மருந்தும் கொடுத்துச் செய்ய வேண்டும்.

பண்டிகையைப் பிடித்து வைத்திருந்த வீடுகள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆய்வை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஸ்டீவன் வோலினும் மானிடவியலாளர் லிண்டா பென்னட்டும் 1970-களின் இறுதியிலிருந்து ஒரு கேள்வியைத் துரத்தினார்கள்: குடிகாரரின் பிள்ளைகளில் சிலர் குடிகாரர்களாகிறார்கள், சிலர் ஆவதில்லை, ஏன்? அவர்கள் போய்ப் பார்த்த இடம் சாப்பாட்டு மேசையும் பண்டிகைகளும். தகப்பன் எவ்வளவு குடித்தாலும் கிறிஸ்துமஸ் விருந்து அதன் நேரத்துக்கு, அதன் முறைப்படி நடந்த வீடுகள் இருந்தன. குடி வந்து பண்டிகையையே விழுங்கிவிட்ட வீடுகளும் இருந்தன. இரண்டாம் வகை வீடுகளில்தான் குடிநோய் அடுத்த தலைமுறைக்கு அதிகம் இறங்கியது. அடுத்து, குடிகாரர் வீட்டில் வளர்ந்து கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்களையும் கவனித்தார்கள். நம் வீட்டில் பண்டிகை எப்படி இருக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் யோசித்து, பேசி, திட்டமிட்டு அமைத்துக்கொண்ட குடும்பங்களுக்குப் பாதுகாப்பு கூடுதலாக இருந்தது.

நான் சொல்ல வந்ததே இதுதான். பிறந்த வீட்டுக் கிறிஸ்துமஸை ரிப்பேர் செய்து தீர்க்க நமக்குக் கடமை இல்லை. நம் கையால் ஒரு கிறிஸ்துமஸைச் செய்துகொள்ளலாம். அதுவே மருந்து.

அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மண்ணும் வைக்கோலும் வைத்துப் பிள்ளைகளோடு குடில் கட்டுவது. காலை ஆராதனை முடிந்து வந்து ஆப்பமும் கறிக்குழம்பும், எந்த வருடமும் மாறாமல். வீட்டுக்குள் மதுவுக்கு இடமில்லை என்பது, விருந்தாளி யாராயிருந்தாலும். முக்கியமாக, சொன்னபடி நடப்பது: பத்து மணிக்கு அச்சுமுறுக்கு சுடலாம் என்றால் பத்து மணிக்கு எண்ணெய் காய வேண்டும். எந்த நேரம் என்ன நடக்குமோ என்று பயந்து வளர்ந்த உடம்புக்கு இந்த ஒழுங்குதான் அமைதி.

மத்தேயு முதல் அதிகாரம்

எல்லாரும் தாண்டிப் போகும் இயேசுவின் வம்ச வரலாறு அது. அதில் வரும் தாமார், ராகாப், உரியாவின் மனைவி ஆகியோரின் கதைகளைப் பழைய ஏற்பாட்டில் தேடிப் படித்தால், வஞ்சகமும் அத்துமீறலும் கொலையும் நிறைந்த குடும்பங்கள் வெளிவரும். அடுத்த அதிகாரத்தில், பிறந்த குழந்தையைக் கொல்ல ராஜா தேடுகிறான். தாயும் தகப்பனும் ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். கேக் டப்பாவில் அச்சடித்த சிரித்த குடும்பப் படத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. சிதைந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் தாங்கள் பண்டிகைக்கு அந்நியர் என்று கூச வேண்டாம். எனக்குக் கிறிஸ்துமஸ் திரும்பக் கிடைத்தது இந்த அதிகாரங்களின் வழியாகத்தான்.

ஊருக்குப் போவதா, வேண்டாமா?

நவம்பரிலேயே போன் வந்துவிடும். "மக்கா, அப்பாவுக்கு வயசாகிட்டு. இந்த வருசமாவது வந்து நில்லு." தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையும் கூடவே வரும். கனம்பண்ணுவது வேறு, அடி வாங்கவோ வசவு கேட்கவோ போய் உட்காருவது வேறு. மன்னிப்பதும் ஒரே கூரையின்கீழ் ராத்தங்குவதும்கூட வேறு வேறு.

போவது என்று முடிவெடுத்தால் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "சித்தி, பன்னெண்டு மணிக்கு வாறோம். சாப்பிட்டுட்டு மூணு மணிக்குக் கிளம்பிருவோம். ராத்திரி தங்கல." இவ்வளவு போதும், காரணம் சொல்லத் தொடங்கினால் வாக்குவாதம் தொடங்கும். திரும்பிவரச் சொந்தமாக வண்டி வையுங்கள். குடித்திருப்பவரிடம் பழைய கணக்கைத் திறக்காதீர்கள். அவருக்கு நாளைக்கு ஞாபகம் இராது, உங்களுக்கு இருக்கும். பிள்ளைகளை அவரோடு தனியே விடாதீர்கள். போவதில்லை என்று முடிவெடுத்தால் அன்றைக்குத் தனியாகவும் இருக்காதீர்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

தூக்கமின்மை, கெட்ட கனவு, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை ஆகியவை பண்டிகை முடிந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மனதை ஆற்ற மதுவையோ தூக்க மாத்திரையையோ தேடினால், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், மனநல மருத்துவரைப் பாருங்கள். பண்டிகைக்கு முந்திய நாட்களைவிட முடிந்த பிறகுதான் கவனம் தேவை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடந்த ஆய்வில் தற்கொலை முயற்சிகள் கிறிஸ்துமஸுக்கு முன் குறைந்து, பின்னர் கூடியிருந்தன. பழைய கொடுமையின் பாதிப்புக்கு என்றே பேச்சு வழிச் சிகிச்சைகள் உள்ளன. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. குடிப்பவர் திருந்துகிறாரோ இல்லையோ, நீங்கள் போகலாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

ஐயர்மாருக்கும் ஃபாதர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு விஷயம் வெளியே போனால் சாட்சி கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொள்கிற குடும்பம் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறது. கேரல் ரவுண்ட்ஸ் அட்டவணை அச்சடிக்கும் தாளின் அடியில் இந்த மூன்று எண்களையும் போடுங்கள். கேரல் போகும்போது எந்த வீட்டில் பிள்ளைகள் மட்டும் வந்து கதவைத் திறக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஜனவரியில் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.