கடலில் ஓடிய "பஸ்"!

பஸ் ரோட்டில் ஓடும். ஆனால், கடலில் ஓடிய பஸ் ஒன்றும் உண்டு. அதற்கு டிக்கெட் கிடையாது. எந்த இடத்தில் நிற்கும் என்று வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் தலை போய்விடும்!

இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம். 1940-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி இட்லரின் படை நார்வே நாட்டில் புகுந்தது. இரண்டே மாதத்தில் நாடு அவர்கள் கைக்குப் போயிற்று. மன்னர் ஹாக்கன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

நார்வேக்கு மேற்கே, சுமார் 200 மைல் கடலைத் தாண்டினால் ஷெட்லாண்டு தீவுகள். அவை பிரிட்டனைச் சேர்ந்தவை. அங்கே போய்ச் சேர்ந்தால் உயிர் தப்பலாம். அங்கிருந்து இரவில் ரகசியமாகப் படகுகள் வந்தன. வரும்போது துப்பாக்கி, வெடிமருந்து, ரேடியோ கருவி, உளவாளிகள். போகும்போது நாஜிகளுக்குப் பயந்து ஓடும் குடும்பங்கள். இதுதான் "ஷெட்லாண்டு பஸ்". "பஸ் ஏறிவிட்டான்" என்றால் நாட்டைவிட்டுத் தப்பிவிட்டான் என்று நார்வேக்காரர்களுக்குப் புரியும்.

மீன்பிடி வேஷம்

முதலில் ஓடியவை வெறும் மீன்பிடி படகுகள். ஓட்டியவர்கள் மீனவ வாலிபர்கள். மேல்தளத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் இருக்கும். உள்ளே எண்ணெய் இராது. எந்திரத் துப்பாக்கி இருக்கும்!

கோடையில் அந்த வடதேசத்தில் சரியாக இருட்டுவதே இல்லை. ஆகவே குளிர்காலத்தில்தான் போகவேண்டும். குளிர்காலம் என்றால் புயல். படகோ மணிக்குப் பத்து மைல் போனால் அதிகம். வழியில் பொழுது விடிந்துவிட்டால் விமானம் வந்து சுடும்.

லைப் லார்சன் என்ற தலைவனின் படகுக்கு 1943 மார்ச் மாதத்தில் அதுதான் நேர்ந்தது. விமானங்கள் சுட்டதில் படகு மூழ்கியது. பலருக்குக் காயம். ஒரு சிறு ஓடத்தில் ஏறி, நாள்கணக்கில் துடுப்பு போட்டு, எதிரி கையில் இருந்த நார்வே கரைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்குள்ள மக்கள் அவர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். ஒளித்து வைப்பது லேசான காரியமா? 1942-ல் டெலவோக் என்ற மீனவ கிராமத்தில் "பஸ்"சில் வந்தவர்கள் ஒளிந்திருப்பது தெரிந்து நாஜிப் போலீசார் போனார்கள். சண்டையில் போலீசார் இருவர் செத்தார்கள். அதற்காக அந்தக் கிராமத்தில் ஒரு வீடு விடாமல் தரைமட்டம் ஆக்கினார்கள். ஆண்கள் 72 பேரை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் 31 பேர் திரும்பவே இல்லை.

"பஸ்"சில் வேலை செய்தவர்களில் மொத்தம் 44 பேர் மாண்டார்கள். இனி மீன்பிடி படகை நம்பிப் பயன் இல்லை என்று ஆகிவிட்டது.

வந்தது "ஹித்ரா"

அப்போது அமெரிக்கா 3 ரோந்துப் படகுகளைக் கொடுத்தது. கரையோரம் காவல் சுற்றி, நீர்மூழ்கிக் கப்பல்களை விரட்டுவதற்காகக் கட்டியவை அவை. நீளம் 110 அடி. உடல் முழுவதும் மரம்! போர்க்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் இப்படிப்பட்ட மரப் படகுகளை 400-க்கு மேல் கட்டித் தள்ளினார்கள். "சிராய்க் கப்பல் படை" என்று அமெரிக்க மாலுமிகளே கேலி செய்தார்கள்.

மரம்தான். ஆனால் உள்ளே 1,200 குதிரைச் சக்தி டீசல் என்ஜின் இரண்டு! மீன்பிடி படகைப் போல இரண்டு மடங்கு வேகம். இருட்டியபின் நார்வே கரையைத் தொட்டு, விடிவதற்குள் ஆபத்தான இடத்தைத் தாண்டிவிடலாம்.

டெட்ராய்ட் நகரில் கட்டிய ஒரு படகுக்கு முதலில் பெயர்கூட இல்லை. "எஸ்.சி. 718" என்ற நம்பர்தான். 1943 அக்டோபரில் நார்வேக்காரர்கள் அதை வாங்கி, தங்கள் தீவு ஒன்றின் பெயரையே சூட்டினார்கள்: "ஹித்ரா". கேப்டன், இங்வால்ட் ஐட்ஷைம். மற்ற இரண்டும் "விக்ரா", "ஹெஸ்ஸா". "விக்ரா"வுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஓடத்தில் துடுப்பு போட்டுப் பிழைத்த அதே லார்சன்!

போர் முடியும்வரை மூன்றும் 100 தடவைக்கு மேல் போய்வந்தன. அதே கடல், அதே புயல், அதே எதிரி. ஒரு படகும் மூழ்கவில்லை. ஓர் ஆளும் சாகவில்லை!

1945 மே மாதம் நார்வே விடுதலை அடைந்தது. அதன்பின் "ஹித்ரா" கைமாறியது. எல்லோரும் அதை மறந்தே போனார்கள். 1981-ல் சுவீடன் நாட்டில், கார்ல்ஸ்க்ரோனா என்ற ஊரில், ஓட்டை உடைசலாகப் பாதி மூழ்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். நார்வேக்குக் கொண்டுவந்து பலகை பலகையாகப் பழுது பார்த்தார்கள். 1987-ல் "ஹித்ரா" மறுபடியும் மிதந்தது.

ஷெட்லாண்டில் அந்தப் படகுகள் புறப்பட்ட ஸ்காலோவே துறைமுகத்தில், 2003-ல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். மாண்ட 44 பேரின் சொந்த ஊர்களில் இருந்தும் கல் கொண்டுவந்து அதில் வைத்திருக்கிறார்கள்.