எந்த வலையமைப்பு நிலைக்கும்? – 48 பைட் பிறந்த வரலாறு

அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் டோக்கன் ரிங் முறையை, அதே பணிக்கான ஈதர்நெட் முறை அலுவலகங்களிலிருந்து எவ்வாறு வெளியேற்றியது என்பது சென்ற வாரம் கூறப்பட்டது. தொடர்ந்து படித்துவருவோர்க்கு அதை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் தமக்கெனத் தனியாக அமைத்துக்கொள்ளும் 5ஜி வலையமைப்பு இவ்வாரம் ஆராயப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும், அதை எடைபோடுவதற்குரிய அளவுகோல் 1990களில் அலுவலகங்களுக்குள் நுழைந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே இடம் இழந்த ஏ.டி.எம். தொழில்நுட்பத்தின் வரலாற்றில் கிடைப்பதால், முதலில் அதைக் காண்பதே முறை.

இங்கே ஏ.டி.எம். என்பது பணம் வழங்கும் இயந்திரம் அன்று. அசின்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோடு என்பதன் சுருக்கம். குரல், படம், கணினித் தரவு ஆகிய அனைத்தையும் ஒரே அளவுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி ஒரே கம்பியில் அனுப்பும் இம்முறையில், ஒவ்வொரு துண்டும் 'செல்' எனப்படும். ஒரு செல்லின் நீளம் 53 பைட். அதில் 5 பைட் போக வேண்டிய வழியைச் சொல்லும் முகவரிப் பகுதி, எஞ்சிய 48 பைட்டே உண்மையான சரக்கு. கணினித் துறையில் அளவுகள் 32, 64, 128 என இரண்டின் அடுக்குகளாக அமைவதே வழக்கமாயிருக்க, இந்த 48 எங்கிருந்து வந்தது என்பது தொழில்நுட்ப வரலாற்றின் மிக அரிய செய்திகளுள் ஒன்று. அதற்குச் சற்று மிகுதியான இடம் தருவது தகும்.

தொலைபேசியில் பேசப்படும் குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் ஒரு பைட்டாக மாறுகிறது; அதாவது ஒரு மில்லிநொடிக்கு 8 பைட் குரல் உண்டாகிறது. ஆகவே 64 பைட் கொண்ட செல் நிரம்புவதற்கு 8 மில்லிநொடியும், 32 பைட் கொண்டது நிரம்புவதற்கு 4 மில்லிநொடியும் காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதம் கம்பியில் ஏற்படும் தாமதத்தோடு சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டும்போது, பேசுபவரின் குரல் எதிரொலியாக அவர் காதிலேயே விழும். அதைத் தடுக்க எதிரொலி நீக்கி என்னும் கருவிகள் தேவை. அமெரிக்கா பரந்த நாடாதலால் அங்கே நெடுந்தொலைவு அழைப்புகளுக்கு அக்கருவிகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. முகவரிப் பகுதிக்கு வீணாகும் விழுக்காடு குறையட்டும் என்று அத்தரப்பினர் 64 பைட் கேட்டனர். பிரான்ஸின் பரப்போ, 32 பைட் செல்லைப் பயன்படுத்தினால் எதிரொலி நீக்கி இல்லாமலே நாடு முழுவதும் பேசிக்கொள்ளக்கூடிய அளவினது. ஆதலால் ஐரோப்பியத் தரப்பு 32 பைட்டை விடாமல் பற்றி நின்றது. பன்னாட்டுத் தொலைபேசி, தந்தி ஆலோசனைக் குழுவில் 1980களின் இறுதியில் நிகழ்ந்த இந்த வழக்கு, இரண்டுக்கும் நடுவிலுள்ள 48-ஐ ஏற்பதென்று முடிந்தது.

கூர்ந்து நோக்க வேண்டியது, அந்த மேசையில் எதிரொலியும் தொலைவும் பேசப்பட்ட அளவுக்கு, அலுவலகக் கணினியின் தேவை முதன்மை பெறவில்லை என்பதே. அதன் விளைவை எளிய கணக்கிலேயே காணலாம். 1500 பைட் உள்ள ஒரு தரவுப் பொதியை செல்களாக நறுக்கும்போது, இறுதியில் சேர்க்கப்படும் 8 பைட் குறிப்பையும் கூட்டினால் 32 செல்கள், அதாவது 1696 பைட், கம்பியில் ஏறும். தரவு வந்து சேர்ந்தது என்று மறுமுனை அனுப்பும் 40 பைட் ஒப்புகை, அந்த 8 பைட்டுடன் சரியாக ஒரே செல்லில் அடங்கிவிடும். ஆனால் உள்ளிருப்பது எவ்வகைத் தரவு என்பதைக் குறிக்கும் வழக்கமான 8 பைட் அடையாளமும் சேர்ந்துவிட்டால் இரண்டாம் செல் தேவைப்பட்டு, 40 பைட்டுக்காக 106 பைட் பயணம் செய்யும். நெரிசலில் ஒரு செல் மட்டும் தொலைந்தாலும் முழுப் பொதியையும் மீண்டும் அனுப்பியாக வேண்டும்.

சிறு செல்லை ஆதரித்தவர்கள் அறியாமையால் அவ்வாறு செய்தனர் எனல் அநீதி. நொடிக்கு 64 கிலோபிட் செல்லும் கம்பியில் 1500 பைட் பொதி ஒன்று கடந்து முடிக்க ஏறத்தாழ 187 மில்லிநொடி ஆகும். அதன் பின்னால் நிற்கும் குரல் சிதைந்துபோகும். ஆனால் அதே பொதி நொடிக்கு ஒரு கிகாபிட் செல்லும் கம்பியில் 12 மைக்ரோநொடியில் கடந்துவிடுகிறது. எந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்காக அந்த அமைப்பு வகுக்கப்பட்டதோ, அதை வேகமே கரைத்துவிட்டது.

அந்த வேகத்தை ஈதர்நெட் அடைந்த முறையே நிறுவனங்களுக்குரிய பாடம். 1995-இல் நொடிக்கு 100 மெகாபிட், 1998-இல் ஒளியிழையிலும் 1999-இல் செம்புக் கம்பியிலும் ஒரு கிகாபிட் எனத் தரநிலைகள் வளர்ந்தபோதும், பொதியின் வடிவம் மாறவில்லை. 10, 100 மெகாபிட் ஆகிய இரு வேகங்களிலும் இயங்கும் வலையமைப்பு அட்டைகள் எதிர்முனையின் வேகத்தைத் தாமே அறிந்து இணங்கியதால், ஒரு நிறுவனம் இவ்வாண்டு ஒரு தளத்தையும் அடுத்த ஆண்டு மற்றொரு தளத்தையும் மாற்றிக்கொள்ள இயன்றது. ஏ.டி.எம். கணினி மேசைவரை வர வேண்டுமாயின் புதிய அட்டை, புதிய சுவிட்ச், அவற்றை ஈதர்நெட்போல நடிக்கவைக்கும் சர்வர்கள், இவையனைத்தையும் கற்றறிந்த பணியாளர் ஆகிய யாவும் ஒருங்கே தேவைப்பட்டன.

தொலைபேசி நிறுவனங்களிடம் மட்டும் அது நெடுங்காலம் நிலைத்தது. அது அவர்களுக்காகவே வகுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. பி.எஸ்.என்.எல். தொலைபேசிக் கம்பிவழி அகன்ற அலைவரிசை இணைப்புப் பெற்றவர்கள் மோடத்தில் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்று நிரப்பியதை நினைவுகூரலாம். அந்த இரு எண்களும் ஏ.டி.எம். செல்லின் முகவரிப் பகுதியைச் சேர்ந்தவை.

5ஜி பற்றிய ஆய்வு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் புதிய வலையமைப்புக் கருவி வாங்க முனையும் வாசகர்கள் விற்பனையாளரிடம் இரண்டு விடைகளை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: இது யாருடைய எந்த இடர்ப்பாட்டுக்காக வகுக்கப்பட்டது? பழைய கருவிகளை அகற்றாமல் ஒரு தளத்தில் மட்டும் இதைத் தொடங்க முடியுமா?