நாடி பார்க்கும் சட்டை!

ஆவடி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1955-ல் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். அதே ஊரில் 1961-ல் தொடங்கப்பட்ட ராணுவ உடைத் தொழிற்சாலை ஒன்றும் உண்டு. நம் ஜவான்களின் சீருடைகள் அங்கே தைக்கப்படுகின்றன.

சீருடை வெயிலையும் குளிரையும் தாங்கும். ஆனால், அதை அணிந்தவர் குண்டடிபட்டு விழுந்தால், "இவருக்கு உயிர் இருக்கிறது, உடனே வாருங்கள்" என்று அது சொல்லுமா? சொல்ல வைக்கலாம் என்று செய்து காட்டினார், சென்னையில் படித்த ஒருவர்.

அவர் டாக்டர் அல்ல. நெசவுத் தொழில்நுட்ப நிபுணர். சுந்தரேசன் ஜெயராமன் என்பது பெயர். கிண்டி அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, பிறகு அமெரிக்கா சென்று, ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானவர்.

காயம்பட்ட வீரருக்கு முதல் ஒரு மணி நேரம் மிகவும் முக்கியம். இருளிலும் புகையிலும் பலர் விழுந்து கிடக்கும்போது, யாரை முதலில் தூக்குவது? இந்தக் கேள்விக்கு விடை தேடி, 1996-ல் அமெரிக்கக் கடற்படையின் பண உதவியுடன் ஜெயராமனும் அவருடைய சகாவான சுங்மி பார்க் என்ற பெண்மணியும் ஆராய்ச்சியில் இறங்கினர்.

கத்தரிக்கோல் கூடாது!

அவர்கள் நெய்த சட்டையில், துணியோடு துணியாக ஒளியிழை ஒன்று உடலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒரு முனையில் செலுத்தும் ஒளி மறுமுனைக்கு வந்து சேர வேண்டும். குண்டு பாய்ந்து இழை அறுந்தால் ஒளி வராது. அறுந்த இடம் எது என்பதையும் கருவி கண்டுபிடித்துவிடும்.

இதில் ஒரு சங்கடம். சாதாரணச் சட்டையைத் துணியை வெட்டித்தான் தைக்க வேண்டும். வெட்டினால் இழையும் அறுந்துபோகுமே! தையற்காரரின் கத்தரிக்கோலுக்கும் எதிரியின் குண்டுக்கும் வித்தியாசம் அந்தச் சட்டைக்குத் தெரியாது. ஆகவே, கை நுழையும் இடம் உள்பட முழுச் சட்டையையும் தறியிலேயே ஒரே துண்டாக நெய்துவிட்டார்கள். நெசவு தெரிந்தவருக்கே தோன்றக்கூடிய யுக்தி இது!

நாடித் துடிப்பு, சுவாசம், உடற்சூடு ஆகியவற்றை அறிய, உடலில் பொருத்தும் சிறு உணர்கருவிகளைச் சட்டையோடு இணைக்கலாம். துணியில் ஓடும் மின்கடத்தும் இழைகள் அவை தரும் செய்தியை இடுப்பில் உள்ள பெட்டிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து வைத்தியருக்குப் போகும். சலவைக்குப் போடுமுன் கருவிகளைக் கழற்றிவிடலாம்.

தொட்டில் குழந்தைக்கும்

போர்க்களத்துக்காகப் பிறந்த இந்த யோசனை தொட்டிலுக்கும் வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும் அபாயமுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கும், தனியே வாழும் முதியவர்களுக்கும் இத்தகைய சட்டை காவல் நிற்கலாம். முதலில் நெய்த சட்டை வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையின் சேகரிப்பில் இடம் பெற்றது.

இப்போது மணிக்கட்டில் கட்டும் கடிகாரமே இதயத் துடிப்பைச் சொல்கிறது. ஆனால் துணி படும் பாடு கடிகாரத்துக்கு இல்லை. வியர்வையில் நனைய வேண்டும். கசக்கிப் பிழிந்தாலும் தாங்க வேண்டும். உடல் அசையும்போது தவறான செய்தி தரக் கூடாது. சித்திரை வெயிலில் ஆவடியில் அரைமணி நேரம் நடந்தவர்களுக்கு, இந்தச் சோதனை எவ்வளவு கடினமானது என்று சொல்லத் தேவையில்லை!

இன்னொன்றும் உண்டு. சட்டை சேதிதான் சொல்லும்; ஓடிவந்து தூக்க மனிதர்தான் வேண்டும். ஆள் பாதி, ஆடை பாதி என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.