இயங்குதள நிறுவியில் வட்டுப் பிரிப்பு: பயனர் கருத்து உணர்த்துவது

இயங்குதளத்தை நிறுவுகையில் பயனர் பெரிதும் அஞ்சும் படிநிலை வட்டுப் பிரிப்பாகும். ஒரு தவறான தெரிவு, வட்டில் முன்பிருந்த தரவுகளை அழித்துவிடக்கூடும். 2013 சனவரியில் வெளிவந்த ஃபெடோரா 18, அனகோண்டா என்னும் தன் நிறுவியின் இடைமுகத்தை முற்றிலும் மாற்றியமைத்தது. அதன்படி, மூலக் கோப்பகம், பயனர் கோப்பகம் முதலியவற்றுக்கு வேண்டிய அளவைப் பயனர் குறிப்பிடுவார். அவற்றுக்குரிய பகுதிகளை வட்டில் நிறுவியே அமைக்கும்.

வட்டின் படத்தைக் கண்டு, ஒவ்வொரு பகுதியும் எங்கு அமைகிறது என அறிந்தே பிரித்துப் பழகியோர் இம்முறை குழப்பம் தருவதாகக் குறைகூறினர். 2017இல் வெளிவந்த ஃபெடோரா 26, வட்டிலிருந்து தொடங்கும் பிலிவெட்-குய் கருவியைக் கூடுதல் தெரிவாக நிறுவியில் இணைத்தது. முந்தைய முறையும் நீடித்தது.

பயனர் கருத்து இங்குச் சுட்டியது திரையின் தோற்றக் குறையை மட்டுமன்று; வட்டைப் பற்றிப் பயனர் கொண்டுள்ள மனப்படத்திற்கும் நிறுவியின் செயல்முறைக்கும் இடையிலான இடைவெளியையும் ஆகும். மீட்டற்கரிய இழப்பு நேரக்கூடிய பணியில், விளைவை முன்கூட்டியே காட்டுவதே நல்ல வடிவமைப்பாகும்.