கண் சிமிட்டினால்தான் கணக்கு!

மரக்காணம் உப்பளத்து வரப்பில் உச்சி வேளையில் நின்று பாருங்கள். நாலா பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு! கண் கூசுகிறது. அந்த வெளிச்சத்தில்தான் ஆணும் பெண்ணும் மழைக்காலம் வரும்வரை உப்பு வாருகிறார்கள். ஆண்டுக் கணக்கில் இப்படி வெயிலில் உழைத்த கண்களில் சதை வளர்வதும் உண்டு, புரை விழுவதும் உண்டு.

அங்கேயே உங்கள் செல்போனை எடுத்து ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறவுங்கள். வெள்ளைத் திரையில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து! நல்ல கண் உள்ள உங்களுக்கே தெரியவில்லை. கண் மங்கியவர் கதி என்ன? வங்கிக் கணக்கு, உதவித் தொகை மனு, மாற்றுத் திறனாளி அட்டை எல்லாமே இன்று அந்தத் திரைக்குள் போய்விட்டனவே!

இதற்கு விதிகள் இல்லாமலில்லை. இணையத்துக்கான உலக அமைப்பு 1999-லேயே விதிகளை வெளியிட்டது. 2008-ல் அவற்றைத் திருத்தியபோது, சாதாரண எழுத்தும் அதன் பின்னணியும் ஒளியில் 4.5-க்கு 1 என்ற விகிதத்திலாவது வேறுபட வேண்டும் என்று கணக்கும் சொன்னது.

பார்வையே இல்லாதவர்? அவருக்குப் போனே வாய்விட்டுப் படித்துக் காட்டும். ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கு 'டாக்பேக்' என்று பெயர். ஆனால் தளத்தை அமைத்தவர் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டால், அது "பட்டன்... பட்டன்..." என்றுதான் சொல்லும். பணம் அனுப்பும் பட்டனா, மனுவை அழிக்கும் பட்டனா? யாருக்குத் தெரியும்! பெயர் வைப்பதோ ஒரு வரி வேலை.

பிரக்யா பிரசூன் என்ற பெண்மணி ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர். 2023-ல் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனார். "காமிரா முன் கண் சிமிட்டுங்கள், அப்போதுதான் உயிரோடு இருப்பது உறுதியாகும்" என்பது விதி. அவரால் சிமிட்ட முடியாது! உயிரோடு எதிரே நிற்கிறார். கணக்கு மட்டும் இல்லை!

அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பார்வையற்றவரான அமர் ஜெயினும் தனியே வழக்குத் தொடுத்தார். 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர், முன்பு சென்னை ஹைகோர்ட்டில் இருந்த நீதிபதி ஆர்.மகாதேவன். இணைய வசதி பெறுவதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்றார். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி உட்பட 20 கட்டளைகளும் பிறந்தன.

கட்டளை உப்பளம்வரை வந்துவிட்டதா? இன்றே உங்கள் போனில் டாக்பேக்கை இயக்குங்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே ஒரு மனுவை நிரப்பிப் பாருங்கள்!