ஏரிக்கரையில் ஒரு வீடு

சர்க்கார் குடியிருப்பில் காலங்கழித்து, ஓய்வு பெற்றபின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நமக்கு, முதுமையில் வீடு தேடும் கவலை புதிதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் அக்கவலை உண்டு. வாடகையும் வீட்டு விலையும் ஓய்வூதியத்துக்கு எட்டாமற் போகவே, பலர் தெற்கே மெக்ஸிகோவுக்குக் குடிபெயர்கின்றனர். குவாதலஹாரா நகரை அடுத்த சப்பாலா ஏரிக்கரை அவர்கள் நெடுங்காலமாக விரும்பி வந்த இடம். கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமாதலால் தட்பவெப்பம் இதமானது.

வீடு வாங்குவதிலே ஒரு நுட்பம் உண்டு. 1917-ஆம் ஆண்டின் மெக்ஸிகோ அரசியல் சட்டப்படி, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டெல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள நிலம் அயல்நாட்டார் பெயரில் நேரே பதிவாகாது. வங்கியொன்று உரிமைப் பத்திரத்தை வைத்திருக்க, வாங்கியவர் அனுபவ பாத்தியதை பெறுவார். தவணை 50 ஆண்டு, புதுப்பிக்கலாம். சப்பாலா உள்நாட்டில் இருப்பதால் அங்கே இத்தொல்லை இல்லை.

நாம் அஞ்சுவது வைத்தியச் செலவைப் பற்றியே. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் எல்லை கடந்தும் வந்து சேரும். 65 வயதில் கிடைக்கும் மெடிகேர் காப்புறுதியோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணந்தராது. பயனில்லையென்று அதன் 'பி' பிரிவில் சேராதிருந்தவர், பின்னர் நோயுற்றுத் தாயகம் திரும்பிச் சேர்ந்தால், தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் சந்தாவில் 10 சதவிகிதம் கூடுதலாகக் கட்டவேண்டும். அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுதும். விற்றுவிட்டு வந்த பழைய வீட்டை அப்போது அதே விலைக்கு யார் திருப்பித் தருவார்? ஆகவே முன்யோசனையுள்ளவர் சிலர், ஊர் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, ஏரிக்கரையில் தாமும் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கின்றனர்.