ஜூன் 7: காவலூரும் ஜூனோவும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர்கள், ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். மலையின் இன்னொரு காட்சி அதன் பிறகுதான் தொடங்குகிறது. வியாழன் தெரியும் மாதமாக இருந்தால், மலைமேலுள்ள செம்மேட்டுக் கடைவீதி வெளிச்சத்தைத் தாண்டிப் போய், சாதாரண பைனாகுலர் ஒன்றைப் பாறைமீது ஊன்றிப் பிடித்துப் பார்த்தால் போதும். வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாக இருந்த கோள் சின்ன வட்டமாகிறது. அதன் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனை அளவில் இரண்டோ மூன்றோ நான்கோ புள்ளிகள். 1610 ஜனவரியில் கலீலியோ கண்டவை இவைதாம். அவற்றில் பெரியது கானிமீட். குறுக்களவு 5,268 கி.மீ.; புதன் கோளைவிடப் பெரிய நிலவு.

நாமக்கல் மாவட்டத்துக்கும் விண்வெளிக்கும் உறவு உண்டு. இங்குள்ள சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணுக்கு மாற்று மண் தயாரித்தது. ஆனால் கானிமீடின் கதைக்கு இன்னும் வடக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குப் போக வேண்டும்.

1972 ஜூன் 7. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட புதிது. அன்று கானிமீட் ஒரு விண்மீனைக் கடந்து போக இருந்தது. சில நிமிடங்களுக்கு விண்மீன் அதன் பின்னால் மறைந்து, மறுபுறம் வெளிப்படும். காற்றே இல்லாத உருண்டை என்றால், விளக்கை அணைத்ததுபோல விண்மீன் சட்டென்று மறைய வேண்டும். காற்றுப் போர்வை இருந்தால், ஒளி மெல்ல மங்கித்தான் மறையும். காவலூரில் வானியலாளர் ஜே. சி. பட்டாச்சார்யாவும், இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இன்னொரு குழுவும் அந்த ஒளியை அளந்தார்கள். மறைவு சட்டென்று நடக்கவில்லை. கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று 1973-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் இருவரின் பெயர் பின்னாளில் வேறு இடங்களிலும் அடிபட்டது. பிராட்ஃபோர்ட் ஸ்மித் வாயேஜர் விண்கலங்களின் படக்குழுத் தலைவரானார். டாரன்ஸ் ஜான்சன் வியாழனைச் சுற்றிய கலீலியோ விண்கலத்தின் தலைமை விஞ்ஞானியானார்.

1979-இல் வாயேஜர் 1 அங்கேயே போய், கானிமீடுக்குப் பின்னால் வேறொரு விண்மீன் மறைவதைப் பார்த்தது. காவலூர்க் கணிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு காற்றுகூட அங்கே இல்லை என்றது அந்த அளவீடு. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அந்த நிலவைச் சுற்றி மிக மிக மெலிதான ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. காற்று உண்டு என்றது சரி, அளவுதான் தவறு. 60 கோடி கிலோமீட்டருக்கு இப்பாலிருந்து ஒரு மலையுச்சியில் அளந்ததற்கு அது பெரிய காரியம்தான். ஆனாலும் வாயேஜர்போலக் கடந்து போகிற கலம் கொஞ்ச காலம்தான் அருகிலிருந்து பார்க்கும். வியாழனின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, அதன் பிடிக்குள் போய் ஆண்டுக்கணக்கில் சுற்ற வேண்டும்.

அதற்காகத்தான் ஜூனோ. நாசா 2011 ஆகஸ்ட் 5 அன்று ஏவிய இந்த ஆளில்லாக் கலம் வியாழனை அடைய ஐந்து ஆண்டுகள் ஆயின. 2016 மாசியில் கும்பகோணம் மகாமகக் குளத்தில் மக்கள் நீராடியபோது வியாழன் சிம்ம ராசியில் இருந்தது. மகாமகத்துக்கு அதுதான் கணக்கு. ஜூலையில் ஜூனோ போய்ச் சேர்ந்தபோதும் கோள் சிம்மத்தைவிட்டு நகரவில்லை. வேகத்தைக் குறைக்க கலத்தின் எந்திரம் 35 நிமிடங்கள் எரிய வேண்டியிருந்தது. அங்கிருந்து வானொலிச் செய்தி பூமிக்கு வரவோ 48 நிமிடங்கள். எந்திரம் எரியத் தொடங்கியது என்ற தகவல் வந்து சேரும் முன்பே அது எரிந்து அணைந்திருந்தது. தப்பு நடந்தாலும் இங்கிருந்து யாரும் திருத்த முடியாது.

வியாழனில் வெயில் இங்கே அடிப்பதில் 25-இல் ஒரு பங்குதான். ஒவ்வொன்றும் 9 மீட்டர் நீளமான மூன்று சூரியத் தகடுகள் அங்கே தருவது ஏறக்குறைய 500 வாட்ஸ். நம் வீட்டு மிக்ஸிகள் பலவற்றுக்கே 750 வாட்ஸ் வேண்டும். அந்த 500-இல்தான் கருவிகள், கணினி, குளிரைத் தாங்க உதவும் ஹீட்டர் எல்லாம் ஓடின. கதிர்வீச்சு அதைவிடப் பெரிய எதிரி. மூளைப் பகுதி முழுவதையும் 1 செ.மீ. தடிப்புள்ள டைட்டானியப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பினார்கள்.

கோளின் வயிற்றுக்குள் எப்படிப் பார்ப்பது? கொண்டை ஊசி வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் பேருந்து நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும், கடந்ததும் தணிந்தும் கேட்கும். ஜூனோவின் வானொலி அலையிலும் அதே மாற்றம் உண்டு. அடியில் பொருள் அடர்ந்த இடத்துக்கு மேலே பறக்கும்போது ஈர்ப்பு கலத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும்; நொடிக்கு 0.01 மில்லிமீட்டர் வேக மாற்றத்தைக்கூட அலையில் படித்துவிடலாம். இப்படித்தான் வியாழனின் பட்டைக் காற்றுகள் 3,000 கி.மீ. ஆழம்வரை வீசுகின்றன என்று 2018-இல் தெரிந்தது. கெட்டியான பந்துபோல் இருக்கும் என்று எண்ணிய அதன் கருவும், சர்க்கரை பாதி கரைந்த பாகுபோல், ஓரம் தெரியாமல் பரந்து கிடக்கிறது.

திட்டம் போட்டபடி எல்லாம் நடக்கவில்லை. 14 நாளுக்கு ஒரு சுற்று என்று குறைக்க நினைத்தார்கள். எந்திரத்தின் ஹீலியம் வால்வுகள் சரியாகத் திறக்காததால் 53 நாள் சுற்றிலேயே விட்டுவிட்டார்கள். வேலை மெதுவானது, நின்றுவிடவில்லை. 2025 செப்டம்பர் வரை நீட்டிப்பும் கிடைத்தது.

அந்த நீட்டிப்பு கிடைத்த பிறகு 2021 ஜூன் 7 வந்தது. இந்திய நேரப்படி இரவு 11 மணிவாக்கில் ஜூனோ கானிமீடுக்கு மேலே 1,038 கி.மீ. உயரத்தில் பறந்தது. 20 ஆண்டுகளில் எந்தக் கலமும் அவ்வளவு நெருங்கியதில்லை. பூமியிலிருந்து பார்க்க, கலம் அந்த நிலவுக்குப் பின்னால் போய் மறைந்தது. மறையும் நேரத்தில் அதன் வானொலி அலை கானிமீடின் விளிம்பை உரசிக்கொண்டு வந்தது. மின்னேறிய மெல்லிய வாயு அலையை எவ்வளவு மாற்றுகிறது என்று அளந்தார்கள். ஒரு புறம் வாயு தென்பட்டது; மறுபுறம் இல்லை. காவலூரில் விண்மீனை வைத்துச் செய்ததை, 49 ஆண்டுகள் கழித்து அதே தேதியில், விண்கலத்தையே விண்மீனாக வைத்துச் செய்தார்கள். நாள் ஒத்துப்போனது தற்செயல்தான். இருந்தாலும் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மனம் சிலிர்க்கிறது.

அடுத்து ஐரோப்பிய விண்வெளி முகமையின் ‘ஜூஸ்’. 2023 ஏப்ரல் 14 அன்று கிளம்பிய அது 2031 ஜூலையில் வியாழனை அடையும். 2034 டிசம்பரில் கானிமீடையே சுற்றத் தொடங்கும். நம் நிலவைத் தவிர வேறொரு நிலவைச் சுற்றப்போகும் முதல் கலம் இதுதான். அதிலுள்ள புற ஊதாக் கருவிக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் ஒன்று, கானிமீடுக்குப் பின்னால் விண்மீன்கள் மறையும்போது ஒளி எப்படி மங்குகிறது என்று பதிவு செய்வது.